நாதன் மறுத்துப் பேசாத நாட்கள்

ஹென்றியிடம் கருத்து இல்லாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால், அதைப் பற்றி அவர் இன்னும் கேள்விப்படவில்லை என்று அர்த்தம். மின்சாரக் கார் எதற்கு உதவும், எதற்கு உதவாது; செயற்கை நுண்ணறிவு முதலில் யாருடைய வேலையை விழுங்கும்; அமெரிக்காக்காரன் கணினிச் சிப்புக்கு வரி போட்டால் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எந்தத் தொழிற்சாலைக்கு முதலில் சளி பிடிக்கும்; புளூட்டோவைக் கிரகங்களின் வரிசையிலிருந்து தள்ளி வைத்தது நியாயமா. எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். யாரும் கேட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பாயான் லெப்பாஸில் ஒரு சிப்புத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர். தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரிகிற முகமூடி. உள்ளே தூசி கூடாது, தும்மல் கூடாது, வீண் பேச்சு கூடாது. மயிரிழைத் தங்கக் கம்பியைச் சிப்போடு ஒட்டுகிற இயந்திரங்களுக்கு முன்னால் முப்பது வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கம்பெனி அந்த இயந்திரங்களைக் கப்பலேற்றி வேறு நாட்டுக்குக் கொண்டு போனது. ஹென்றியைக் கொண்டு போகவில்லை. இப்போது அறுபத்து மூன்று வயதில், காலையில் செயலி வழியாக வாடகைக் கார் ஓட்டுகிறார். முட்டி வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, ஜார்ஜ்டவுன் நெரிசலில் உட்கார்ந்து உட்கார்ந்து மனசும் அலுத்துப் போகிறது. சாயங்காலம் பினாங்கு ரோட்டுக்குப் பின்னால், தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையில் வந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சே வரும்.

அந்த மேசையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பழனியப்பன். மார்க்கெட் ஸ்திரீட்டில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், வயதில் மூத்தவர், பேசுவதைவிடத் தலையாட்டுவது அதிகம். மற்றவர் நாதன். ஹென்றியோடு ஒரே பெஞ்சில் படித்தவர், ஹென்றியின் மகள் பெவர்லிக்கு ஞானத்தகப்பன், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஹென்றி எதைச் சொன்னாலும் இல்லை என்று சொல்வதற்காகவே ஆண்டவர் நாதனைப் படைத்தாரோ என்று தோன்றும்.

"இன்னும் பத்து வருஷத்துல ஜொகூர்ல குடிக்கத் தண்ணி இருக்காது லா. எல்லாத்தையும் டேட்டா சென்டர் குடிச்சிரும்," என்பார் ஹென்றி.

"நீ போய் அளந்து பார்த்தியா? தண்ணியப் பத்தி என்கிட்ட பேசாத. நான் மீட்டர் பார்த்தவன்."

"மீட்டர் பார்த்தவனுக்குக் குழாயத் தெரியும். டேட்டா சென்டரத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா? யூடியூப்ல ஒருத்தன் கத்தினான், நீ இங்க வந்து வாந்தி எடுக்குற."

இப்படியே கோப்பி ஆறும் வரை போகும். யாரும் ஜெயித்ததில்லை. ஜெயித்ததாக ஹென்றி மட்டும் நினைத்துக்கொண்டு எழுந்து போவார். நாற்பது வருடமாக இதுதான் நடக்கிறது. கல்யாணம், சாவு, வேலை போனது எல்லாம் இதற்கு நடுவில் வந்து போயின.

அக்டோபர் ஜெபமாலை மாதம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழுவுக்குப் பங்குக் கோயிலில் அன்பியம் என்று பெயர். முன்பெல்லாம் அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் கூடுவார்கள். ஜெபம் முடிந்ததும் மீகூன் நூடுல்ஸ், கூவே பலகாரம், சூடாகத் தேத்தண்ணீர். கொரோனா காலத்தில் அது கைப்பேசித் திரைக்குள் போனது. கொரோனா போன பிறகும் வெளியே வரவில்லை. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உண்மையான காரணம் அலுப்பு. வேலையிலிருந்து வந்து, குளித்து, மறுபடி காரை எடுத்து, அடுத்தவன் வீட்டு வாசலில் பார்க்கிங் தேட யாருக்கும் தெம்பில்லை.

திரையில் ஜெபமாலை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. ஐந்து தேவ இரகசியம், ஐந்து வீடு. ஒவ்வொரு இரகசியத்துக்கும் ஒரு வீட்டார் பத்து மங்கள வார்த்தை ஜெபத்தையும் முன்னின்று சொல்வார்கள். மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டு அவரவர் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் மைக்கைத் திறந்து வைத்துப் பதில் சொன்னால் ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி, மாதாவே காதைப் பொத்திக்கொள்வாள். இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் ஹென்றிதான். ஒவ்வோர் அக்டோபரும் மைக்கை எங்கே தொட்டு மூடுவது என்று படம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். யார் வீட்டிலாவது குக்கர் விசிலடித்தால், "மைக்க மூடுங்க! மைக்க மூடுங்க!" என்று ஜெபத்துக்கு நடுவில் அதட்டுவார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, துக்க தேவ இரகசியங்கள். மனைவி டோரதிக்குக் கண் மங்கலாக இருக்கிறது என்று ஹென்றி மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்திருந்தார். எல்லா வீடும் பெரிதாகத் தெரிந்தது. தன் குரல் மற்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கைப்பேசியிலும் சேர்ந்திருந்தார். இரண்டாவது பத்து இவர்களுடையது. சொல்லி முடித்தார், மடிக்கணினியின் மைக்கை மூடினார், கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார், சாய்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது பத்தை ஆசிரியை லினெட் ஆரம்பித்தாள்.

நாதன் வீட்டுக் கட்டத்தில் நாதனுக்குப் பின்னால் அவருடைய மகன் டெஸ்மண்ட் வந்து உட்கார்ந்தான். முப்பத்திரண்டு வயது. புக்கிட் தெங்காவில் இருந்த நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஜெலுத்தோங்கில் மின்சார மோட்டார் சைக்கிள் கடை திறந்திருந்தான். கடைப் பெயர் போட்ட பச்சை டி-சட்டையோடே வந்திருந்தான்.

"டெஸ்மண்டப் பாருங்க, மெலிஞ்சிட்டான்," என்றாள் டோரதி மெதுவாக. "கடையில வேல ஜாஸ்தி போல."

"என்ன வேல? மின்சார மோட்டார வாங்க இங்க எவன் இருக்கான்?" ஹென்றிக்கு ஜெபமாலை கையில் இருந்தது, விரல் மணியில் இருந்தது. "ஃப்ளாட்டுல பதினஞ்சாவது மாடியில இருக்கிறவன் எங்க லா சார்ஜ் போடுவான்? பேட்டரி போனா வண்டி வெலையில பாதி போச்சு. நீ வேணா பாரு, ஈஸ்டருக்குள்ள கதவ இழுத்து மூடிருவான். அப்பன் மாதிரியே மகன். நாதனுக்கும் ஆரம்பத்துலேர்ந்து எதுவும் வெளங்குனதில்ல, வாய்தான்."

லினெட் ஒரு மங்கள வார்த்தையின் நடுவில் தடுக்கினாள். பிறகு கொஞ்சம் சத்தத்தைக் கூட்டித் தொடர்ந்தாள். ஏன் கத்துகிறாள் என்று ஹென்றி நினைக்கும்போதே நெஞ்சுக்கு மேல் கைப்பேசி அதிர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து ஜெபத்தில் சேர்ந்திருந்த பெவர்லி அனுப்பியிருந்தாள்: "அப்பா, உங்க ஃபோன் மைக் திறந்திருக்கு. எல்லாருக்கும் கேட்டுச்சு."

கைப்பேசியை வெளியே எடுத்து மைக்கை மூட அவருக்கு மூன்று முறை விரல் வழுக்கியது. ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டியவர் அவர். டோரதி கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த பத்து நாதனுடையது.

"நான்காம் தேவ இரகசியம். இயேசு சிலுவை சுமந்து செல்கிறார்," என்றார் நாதன். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, மீட்டரில் இருக்கிற எண்ணை வீட்டுக்காரருக்குப் படித்துச் சொல்கிற குரல். ஒவ்வொரு மங்கள வார்த்தையாகச் சொன்னார். பாதியில் டெஸ்மண்ட் எழுந்து கட்டத்தை விட்டு வெளியே போனான். நாதன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மணிக்குப் போனார். ஹென்றி பதில் சொல்ல வாயைத் திறந்தார், சொற்கள் வந்தன, என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவமானம் என்றால் இதுதான் அவமானம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலையில், "சாரி லா, வாய் தவறிருச்சு," என்று செய்தி அனுப்பினார். நாதனிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

சாயங்காலம் நாதன் வரமாட்டார் என்று நினைத்தார். வந்தார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, பால் இல்லாத கோப்பி ஓ சொன்னார். முகத்தில் கோபம் இல்லை. ஹென்றிக்கு உயிர் வந்தது. உடனே வழக்கமான இடத்தில் ஆரம்பித்தார்.

"இந்த எல்.ஆர்.டி. ரயில கட்டி முடிக்கிறதுக்குள்ள நாமெல்லாம் மேல போயிருவோம். கட்டினாலும் எவன் ஏறுவான்?"

"ஆமா லா," என்றார் நாதன்.

ஹென்றி காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை.

"அதில்ல, உலகத்துல எங்கயும் ரயில் லாபத்துல ஓடினதில்ல."

"இருக்கும்."

பழனியப்பன் தலையாட்டுவதை நிறுத்தி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அது ஒரு நாளோடு போகவில்லை. நாதன் தினமும் வந்தார், தினமும் ஒத்துக்கொண்டார். செயற்கை நுண்ணறிவு வக்கீல்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்றதற்கு, அனுப்பிவிடும் என்றார். மறுநாள் வேண்டுமென்றே ஹென்றி பல்டி அடித்து, அது ஒரு ஊதின பலூன், வக்கீல் தலைமயிரைக்கூடத் தொட முடியாது என்றார். அதற்கும் நாதன் சரி என்றார். முந்தின நாள் பேச்சை எடுத்துக் காட்டி நாறடிக்கிற பழைய நாதனை ஹென்றி அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தார். வெளிநாட்டுக்குப் போகிற நம் டுரியான் பழத்துக்கு விலை இறங்கும் என்றார். இறங்கும். ஏறும் என்றார். ஏறும்.

கடைசியில் ஒருநாள் ஹென்றிக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"யோசிச்சுப் பார்த்தா, மனுஷன் நிலாவுக்குப் போனதே பொய்னுதான் எனக்குத் தோணுது."

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் ஹென்றியே எழுந்து நின்று சண்டைக்குப் போயிருப்பார்.

"போகாம இருந்திருக்கலாம்," என்றார் நாதன்.

தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைப் பையன் ஃபிக்ரி கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். இந்த மேசையின் சத்தத்துக்கு நடுவில் ஆர்டர் கேட்டுப் பழகியவன். "அங்கிள், கெனாப்பா செனியாப்?" என்று மலாயில் கேட்டான், ஏன் இவ்வளவு அமைதி என்று. ஹென்றி கையை அசைத்து அவனை அனுப்பினார்.

அதன்பிறகு அவருக்குப் பேச்சே கசந்துபோனது. செய்தியைப் பார்ப்பார். வழக்கம்போல ஒரு கருத்து கிளம்பும். நாதனிடம் சொன்னால் ஆமா என்பான் என்று நினைத்ததும் அது பாதி வழியில் படுத்துவிடும். காரில் ஏறுகிற பயணிகளிடம்கூட வானிலை, நெரிசல், அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று டோரதி கேட்டாள். "களைப்பா இருக்கு," என்றார். அது பொய்யில்லை. நண்பன் கூடவே உட்கார்ந்திருக்கிறான், நண்பன் இல்லை. இந்த மாதிரித் துக்கத்துக்கு யாரிடம் போய் ஆறுதல் கேட்பது?

ஒரு நாள் ஜெலுத்தோங் பக்கம் பயணி ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது டெஸ்மண்டின் கடை கண்ணில் பட்டது. ஹென்றி காரை ஓரம் கட்டினார். கடைக்குள் நான்கு வண்டிகள் புத்தம் புதிதாக வரிசையாக நின்றன. வாடிக்கையாளர் யாரும் இல்லை. டெஸ்மண்ட் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அங்கிள்." நாற்காலி போட்டான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். "எந்த மாடல் பாக்குறீங்க?"

அந்த மரியாதை ஹென்றியைச் சுட்டது. ஒரு பேச்சுக்கு, ஃப்ளாட்டில் இருப்பவன் எங்கே சார்ஜ் போடுவான் என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது அன்றைக்குச் சொன்ன அதே சொல் என்று உறைத்தது. டெஸ்மண்ட் முகத்தை மாற்றாமல் இருக்கையைத் தூக்கி, கைப்பிடி வைத்த பேட்டரியை வெளியே எடுத்துக் காட்டினான். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், அரிசி குக்கர் செருகுகிற இடத்தில் செருகலாம். சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள், அவர்கள் வாங்கினால் போதும் என்றான்.

"வாங்குறாங்களா?"

"வந்து பாக்குறாங்க அங்கிள்."

"அன்னிக்கி நான் பேசினது..." என்று ஹென்றி ஆரம்பித்தார்.

"பரவால்ல அங்கிள். உங்களுக்குத் தோணினத சொன்னீங்க."

"அப்பா வருவாரா கடைக்கு?"

டெஸ்மண்ட் பேட்டரியை உள்ளே வைத்து இருக்கையை மூடினான். "முன்ன தெனமும் வருவாரு. இப்ப வர்றதில்ல."

அந்த வாரம் பழனியப்பன் தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மாமாக் கடை மேசையில் இரண்டு பேர்தான். ஹென்றி உலக விஷயம் எதையும் தொடவில்லை.

"டெஸ்மண்ட் கடைக்குப் போயிருந்தேன்."

"ம்."

"நீ போறதே இல்லையாமே? என் மேல இருக்கிற கோவத்த ஏன் லா புள்ள மேல காட்டுற? என்னத் திட்டு. வேணும்னா ரெண்டு அறை அறைஞ்சிரு. இந்த ஆமாம் போடுறத மட்டும் நிறுத்து, என்னால தாங்க முடியல."

நாதன் கோப்பையைத் தட்டில் வைத்தார். "உன் மேல கோவமே இல்ல, ஹென்றி. உன் வாய் எனக்குப் புதுசா?"

"அப்புறம்?"

"அன்னிக்கி ஜெபம் முடிஞ்சதும் அவன் வந்து கேட்டான். 'அப்பா, அங்கிள் அப்படிப் பேசினதுக்கு அப்புறம் மைக் உங்ககிட்டதானே வந்துச்சு? ஒரு வார்த்த நீங்க சொல்லலையே'ன்னான்."

"ஜெபத்துக்கு நடுவுல என்னன்னு சொல்லுவ?"

"நானும் அதத்தான் சொன்னேன். 'சரிப்பா, இப்ப ஜெபம் முடிஞ்சிருச்சு. இப்ப சொல்லுங்க'ன்னான்."

பக்கத்து மேசையில் யாரோ பில் கேட்டார்கள். ஃபிக்ரி போனான், வந்தான்.

"எனக்கு வாயே வரல," என்றார் நாதன். "நீ சொன்னதத்தான் நானும் நெனச்சிக்கிட்டிருந்தேன். அவன் வேலைய விட்ட அன்னிலேர்ந்து. பெத்த புள்ள முன்னாடி நிக்கிறான், அங்கிள் சொன்னது தப்பு, கடை ஓடும்னு ஒரு வார்த்த. அது வரல. அவனும் ரொம்ப நேரம் நிக்கல."

ஹென்றி தலையைக் குனிந்துகொண்டார்.

"உன்கிட்ட எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னேன். ரோபோவுக்கு இல்ல, ரயிலுக்கு இல்ல. எனக்கு என்ன தெரியும் ரோபோவப் பத்தி? சும்மா உன்னோட மல்லுக்கு நிக்க. சொல்ல வேண்டிய எடத்துல ஒரு 'இல்ல' வரலன்னா, இங்க உக்காந்து உன்கிட்ட அத சொல்ல வெக்கமா இருக்கு."

"இப்ப போய்ச் சொல்லு. நான் காருல கொண்டுபோய் விடுறேன்."

"என்னன்னு சொல்லட்டும்?"

"கடை ஓடும்னு சொல்லு."

"நீ சொல்லு மொதல்ல. ஓடுமா?" நாதன் முன்னால் குனிந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஹென்றியிடம் ஒரு கருத்தைக் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. "நீ மனசாரச் சொன்னா, நான் போய் அவன்கிட்ட சொல்றேன்."

துடைத்த வண்டியையே துடைத்துக்கொண்டிருந்த டெஸ்மண்ட் ஹென்றியின் கண்ணுக்கு முன்னால் நின்றான்.

"ஓடும்," என்றார்.

நாதன் தலையை இடமும் வலமும் ஆட்டினார். "ஓடாது."

"ஏன் ஓடாது? பேட்டரிய கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம் லா. கைப்பிடி இருக்கு, நான் பார்த்தேன்."

"பதினஞ்சாவது மாடிக்கா? நம்ம ஃப்ளாட்டுல லிஃப்டு மாசத்துல பாதி நாள் ஓடுறதில்ல."

"சாப்பாடு கொண்டுபோற பையன்க நாள் முழுக்க ஓட்டுறானுங்க. பெட்ரோல் செலவு மிச்சம்."

"அவன் மத்தியானம் வண்டிய நிறுத்தி சார்ஜ் போட்டா, அவனுக்கு யாரு சோறு போடுவா?"

"ரெண்டு பேட்டரி வச்சிக்கட்டும்."

"ஒரு பேட்டரிக்கே வழியில்லாதவன்தான் அந்த வேலைக்கு வர்றான், ஹென்றி."

பழைய நாதன்தான். அதே வேகம், விரலை மேசையில் தட்டுகிற அதே பழக்கம். ஃபிக்ரி கேட்காமலே இரண்டு கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே போனான். ஹென்றி விடவில்லை. பெட்ரோல் விலை ஏறும் என்றார், அரசாங்கம் சலுகை கொடுக்கும் என்றார், சீனாவில் தெருவெல்லாம் இதே வண்டிதான் என்றார். ஒவ்வொன்றையும் நாதன் எடுத்து எடுத்து உடைத்தார். இந்த மேசையில் ஹென்றி எத்தனையோ வாதங்களில் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார், எதிலும் அவருக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. இதில் மட்டும் எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டது. நாதன் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.